க்ரௌச் ஆற்றில் காற்று பாதிதான்

‘பர்ன்ஹாம் வாரம்’ என்னும் பாய்மரப் படகுப் போட்டியைப் பற்றிய கட்டுரைக்கு நன்றி. ஆனால் வெற்றி தோல்வியைக் காற்றும் பாயும்தான் முடிவு செய்கின்றன என்று எழுதியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. 1893-இல் தொடங்கிய இந்தப் போட்டி நடப்பது இங்கிலாந்தில், எஸெக்ஸின் க்ரௌச் ஆற்றுக் கழிமுகத்தில். அங்கே கடல்நீர் சுமார் ஆறு மணி நேரம் ஏறும், அப்புறம் ஆறு மணி நேரம் வடியும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் அதன் வேகமே தனி.

நீரோட்டம் எதிராக இருந்தால் கரையோரமாகப் போக வேண்டும். ஆழம் குறைந்த இடத்தில் ஓட்டம் மெதுவாக இருக்கும், திரும்பும்போதும் பெரும்பாலும் ஓரத்தில்தான் முதலில் திரும்பும். ஆனால் ஸ்க்விப் போன்ற படகுக்கு (ஆலிவர் லீ வடிவமைத்தது, இருவர் ஓட்டுவது) அடிக்கட்டை (படகின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் கனமான பாகம்) சுமார் ஒரு மீட்டர் நீருக்குள் இறங்கியிருக்கும். வடியும் நேரத்தில் சேற்றில் தட்டினால் உடனே சாய்த்து மீட்டாக வேண்டும். கொஞ்சம் தாமதித்தாலும் அடுத்த ஏற்றம் வரை அங்கேயேதான்.

எனக்கு மிகவும் பிடித்தது நங்கூரம் போடும் கட்டம். நீரோட்டம் எதிராக இருக்கும்போது காற்று விழுந்துவிட்டால் பாய் விரித்திருக்கும் படகுகள் பின்னோக்கி அடித்துச் செல்லப்படும். விதிப்படி நங்கூரம் போடலாம். சத்தமில்லாமல் அதை இறக்கிவிட்டு நிற்பவர், நகராமலே நாலு படகை முந்திவிடுவார். இதைப் பற்றி ஒரு பத்தியாவது கட்டுரையில் இருந்திருக்க வேண்டும்.