நன்றித் தீர்மானம் வாசிக்கும்போது எழுந்து போகாதீர்கள்

சட்ட மாநாடுகளுக்குப் போய்வரும் நண்பர்கள் பலருக்கு ஒரு பழக்கம் உண்டு. கடைசி நாள் மேடையில் யாராவது "மாநாட்டை நடத்திய நாட்டுக்கும் ஏற்பாட்டாளர்களுக்கும்" என்று ஆரம்பித்தால் போதும், பையைத் தூக்கிக்கொண்டு ஏர்போர்ட்டுக்கு வண்டி பிடிக்கக் கிளம்பிவிடுவார்கள். கேட்டால், சம்பிரதாயம்தானே சார் என்பார்கள். சம்பிரதாயம்தான், இல்லையென்று யார் சொன்னது? ஆனால் ஒரு மாநாடு யார் தயவில் நடந்தது என்று தெரிந்துகொள்ள நான் முதலில் புரட்டுவது அந்த நன்றித் தீர்மானப் பக்கத்தைத்தான்.

ஐ.நா.வின் மூன்றாவது கடல் சட்ட மாநாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1973 டிசம்பரில் நியூயார்க்கில் தொடங்கி, 1982 டிசம்பர் 10 அன்று ஜமைக்காவின் மான்டிகோ பேயில் கையெழுத்து விழும்வரை இழுத்துக்கொண்டு போனது. 320 பிரிவுகள் கொண்ட அந்த உடன்படிக்கையைப் பற்றி எழுதாத ஆளில்லை. மாநாட்டில் நடந்ததையும் தீர்மானங்களையும் பதிவு செய்து கூடவே வந்த இறுதி ஆவணத்தைத்தான் யாரும் சீண்டுவதில்லை. வெனிசுலாவின் ஜனாதிபதிக்கும் அரசுக்கும் அதிகாரிகளுக்கும் நன்றி சொல்லும் தீர்மானம் அதில் இருக்கிறது. 1974இல் கராகஸ் நகரில் பத்து வாரம் கூட்டத்தொடரை நடத்திக் கொடுத்தவர்கள் அவர்கள். அந்த ஊரில் பிறந்த தென் அமெரிக்க விடுதலை வீரர் சிமோன் பொலிவாருக்கும் தனியாக ஓர் அஞ்சலி உண்டு.

1982 ஏப்ரல் 30 அன்று உடன்படிக்கைமீது வாக்கெடுப்பு. ஆதரவு 130, எதிர்ப்பு 4, வாக்களிக்காமல் ஒதுங்கியவர்கள் 17. எதிர்த்த நால்வர் யார் தெரியுமா? அமெரிக்கா, இஸ்ரேல், துருக்கி, அப்புறம் அதே வெனிசுலா. அதற்காக நன்றித் தீர்மானத்தை யாரும் கிழித்துப் போடவில்லை. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பதை இராஜதந்திரிகளும் கடைப்பிடித்திருக்கிறார்கள்.

அதே ஆவணத்தில் நம் கடலைப் பற்றியும் ஒரு சங்கதி உண்டு. கங்கையும் பிரம்மபுத்திராவும் கொண்டுவந்து கொட்டிய வண்டல், வங்காள விரிகுடாவின் அடியில் வெகுதூரத்துக்கு மிகத் தடிமனாகப் படிந்து கிடக்கிறது. உடன்படிக்கையின் பொதுச் சூத்திரத்தை வைத்து, ஒரு நாட்டின் நிலம் கடலுக்கடியில் நீண்டு கிடக்கும் பகுதியான கண்டத்திட்டின் வெளி எல்லையை வரைந்தால், இலங்கைக்குச் சேரவேண்டியதில் பாதிக்கு மேல் கைவிட்டுப் போய்விடும். அதனால் விரிகுடாவின் தென்பகுதிக்கு மட்டும் வண்டல் 1 கிலோமீட்டர் தடிமனுக்குக் குறையாத இடம்வரை எல்லையைக் கொண்டுபோகலாம் என்று தனி முறை ஒன்றை ஒப்புக்கொண்டார்கள். இலங்கை 2009இல் கண்டத்திட்டு எல்லைகளுக்கான ஐ.நா. ஆணையத்திடம் மனுப் போட்டது இதை வைத்துத்தான். நன்றிப் பக்கங்களும் இதுவும் ஒரே கட்டுக்குள்தான் இருக்கின்றன. சம்பிரதாயம் என்று கட்டை மூடிவைத்தவர் இதையும் தவறவிட்டிருப்பார்.

சரி, மாநாடு நடத்துகிற நாடு என்ன தர்மத்துக்கா நடத்துகிறது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அந்த உடன்படிக்கையால் உருவான சர்வதேச கடலடி ஆணையத்தின் தலைமையகம் ஜமைக்காவின் கிங்ஸ்டனுக்குப் போனது. 1998இல் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்துக்கான மாநாட்டை நடத்திய ரோமின் பெயர் அந்தச் சாசனத்தோடு ஒட்டிக்கொண்டது. கிடைத்துவிட்டுப் போகட்டும். தனக்குப் பிடிக்காத நாட்டுக்காரருக்கும் விசா கொடுத்து, அறை போட்டு, காவல் போட்டு வாரக்கணக்கில் வைத்துப் பார்த்துக்கொள்வது சாதாரண வேலை இல்லை.

ரோமின் இறுதி ஆவணத்தில் இத்தாலிய மக்களுக்கும் அரசுக்கும் ஒரு தீர்மானம் உண்டு. எனக்குப் பிடித்தது வேறொன்று. நெதர்லாந்தின் ஆட்ரியான் போஸ் என்பவர்தான் ஆயத்தக் குழுவுக்குத் தலைவராக இருந்து வரைவைத் தயாரித்தவர். மாநாட்டு நேரத்தில் உடல்நலம் கெட்டு, பேச்சுவார்த்தைக்குத் தலைமை தாங்க முடியாமல் போனது. கனடாவின் பிலிப் கிர்ஷ் அந்த இடத்துக்கு வந்தார். வரமுடியாமல் போன போஸை மறக்காமல் அவருக்கும் அவர் குழுவுக்கும் தனித் தீர்மானம் போட்டார்கள்.

கடல் சட்ட மாநாட்டுத் தலைவர் இலங்கையின் ஹாமில்டன் ஷெர்லி அமரசிங்கவின் கதை இன்னும் கனமானது. அவர் நாட்டில் ஆட்சி மாறியது. 1978 கூட்டத்தொடர் கூடியபோது சொந்த நாட்டுத் தூதுக்குழுவிலேயே அவர் இல்லை. அப்படிப்பட்டவர் தலைவர் நாற்காலியில் உட்காரலாமா என்று பெரிய சர்ச்சை. கடைசியில் அவரே இருக்கட்டும் என்று மாநாடு முடிவெடுத்தது. 1980 டிசம்பரில் வேலை முடியுமுன்னே காலமானார். மறு வருடம் சிங்கப்பூரின் டாமி கோ பொறுப்பேற்று முடித்துவைத்தார். அமரசிங்க பெயரில் ஐ.நா. ஒரு கல்வி உதவித் திட்டம் தொடங்கியது. வளரும் நாட்டுக்காரர்கள் கடல் சட்டம் படிக்க அது வழிசெய்தது. என்னைக் கேட்டால் இதுதான் உருப்படியான நன்றி.

எனக்கும் ஒரு குறை உண்டு. இந்தத் தீர்மானங்கள் பெரும்பாலும் அரசு, தலைவர் என்ற மட்டத்தோடு நின்றுவிடுகின்றன. கடல் சட்ட உடன்படிக்கைக்கு அரபு, சீனம், ஆங்கிலம், பிரெஞ்சு, ரஷ்யன், ஸ்பானிஷ் என்று ஆறு மொழி வாசகங்கள். ஆறுக்கும் சம மதிப்பு. ஒரு சொல் பிசகினாலும் நாளைக்கு வழக்கு வரும். அதற்காகத் தூக்கத்தைத் தொலைத்த மொழிபெயர்ப்பாளர்களின் பெயர்களை எங்கே தேடுவது?

நான் போயிருந்த ஒரு மாநாட்டில், பேச்சை உடனுக்குடன் வேறு மொழியில் சொல்லும் இன்டர்பிரட்டர்களின் கண்ணாடிக் கூண்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பேச்சாளருக்கு நேரம் குறைவு. எழுதிவந்ததை விட்டுவிட மனமில்லாமல் மூச்சுவிடாமல் வாசிக்கிறார். உரையின் பிரதியையும் யாருக்கும் கொடுக்கவில்லை. உள்ளே ஒரு பெண் ஹெட்போனை ஒரு கையால் காதோடு அழுத்திக்கொண்டு பேசிக்கொண்டிருக்கிறார். பக்கத்தில் இருப்பவர், வந்து விழும் பிரிவு எண்களையும் ஆண்டுகளையும் துண்டுத்தாளில் எழுதி அவர் கண்முன் தள்ளுகிறார். முடிவில் பேச்சாளருக்குக் கைதட்டல்.

நம் ஊர் நன்றியுரைக்காரரை எத்தனை கிண்டல் செய்திருப்போம்! பந்தல் போட்டவர், மைக் செட்காரர், நாற்காலி அடுக்கிய பையன்கள், டீ போட்ட அண்ணன் என்று அவர் நீட்டிக்கொண்டே போவார். கூட்டம் எழுந்து வேட்டியை உதறிக்கொண்டிருக்கும். இந்த ஒரு விஷயத்தில் அவர் ஐ.நா.வைவிட எவ்வளவோ மேல்.

மாநாடு நடத்தப் போகிற நண்பர்களுக்கு ஒன்று. நிகழ்ச்சி நிரலில் இன்டர்பிரட்டர்களின் பெயர்களையும் அச்சடியுங்கள். பேச்சாளர்களிடம் முந்தின நாளே உரையை வாங்கி அந்தக் கூண்டுக்கு அனுப்பிவிடுங்கள். தர மறுக்கிறவருக்கு நேரத்தில் ஐந்து நிமிடம் வெட்டு என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் தானாகத் தந்துவிடுவார்.