சூரியகாந்தி எண்ணெய்: லினோலிக் குறைந்தாலே கலப்படமா?

"அசல் சூரியகாந்தி எண்ணெயில் லினோலிக் அமிலம் 60 சதவீதத்துக்கு மேல் இருக்கும்; குறைந்தால் கலப்படம்" என்றொரு தகவல் சுற்றுகிறது. இது தவறு. லினோலிக், ஒலியிக் இரண்டும் இந்த எண்ணெயில் உள்ள முக்கியக் கொழுப்பு அமிலங்கள்.

வழக்கமான ரகங்களுக்கே கோடெக்ஸ் எனும் சர்வதேச உணவுத் தரநிலை சுமார் 48 முதல் 74 சதவீதம் வரை லினோலிக்கை ஏற்கிறது. உயர் ஒலியிக் ரகங்களில் கதையே வேறு. ஒலியிக் 75-க்குக் குறையாது, லினோலிக் 17-ஐத் தாண்டாது. இவற்றின் தொடக்கம், 1970-களில் சோவியத் ஒன்றியத்தில் விதையின் மரபணுவில் சடுதி (திடீர்) மாற்றத்தைத் தூண்டி உருவாக்கிய பெர்வெனெட்ஸ் ரகம். (வேறொரு உயிரின் மரபணுவைப் புகுத்திச் செய்ததல்ல; அந்தப் புரளியும் உண்டு.)

அப்புறம் வெப்பநிலை. ஒலியிக்கை லினோலிக்காக மாற்றுவது விதைக்குள் இருக்கும் ஒரு நொதி. விதையில் எண்ணெய் சேரும் வாரங்களில், முக்கியமாக இரவில், குளிர்ச்சி இருந்தால் லினோலிக் கூடும். வெப்பம் அதிகமானால் நொதியின் வேலை மந்தமாகி ஒலியிக் அப்படியே தங்கிவிடும். ஒரே விதையை இரு பருவங்களில் விதைத்தால் எண்ணெயின் சோதனை அறிக்கைகள் வேறுபடுவது இதனால்தான். உயர் ஒலியிக் ரகங்களில் இந்த ஆட்டம் குறைவு.

சரி, கலப்படத்தை எப்படிப் பிடிப்பார்கள்? எல்லாக் கொழுப்பு அமிலங்களின் விகிதத்தையும், எண்ணெயில் இயல்பாக உள்ள ஸ்டெரால், டோகோபெரால் (வைட்டமின் ஈ வகை) ஆகிய சேர்மங்களின் அளவுகளையும் சேர்த்துப் பார்ப்பார்கள், அதுவும் அந்த எண்ணெய் வகைக்கு உரிய தரநிலையோடு ஒப்பிட்டு.