காட்டைப் போல இருப்பது தெரியாமையால் அல்ல

ஞாயிற்றுக்கிழமை பெங்களூர் இந்திராநகர் காப்பி நிகழ்ச்சியில் ஒருவர் மேடையில் பேசியதைப் பலரும் பகிர்ந்துவிட்டீர்கள். அந்தக் காணொளியை நான் இங்கே போட விரும்பவில்லை. கீழ்ப்பழனி மலைக்காரர்கள் தோட்டத்தைக் காடாக விட்டுவைத்திருக்கிறார்கள், அவர்களுக்குக் காப்பி வளர்க்கவே சொல்லித்தர வேண்டும் என்ற அந்த ஒரு பேச்சுதான் மூன்று நாட்களாக உறுத்துகிறது. கைதட்டியவர்களில் என் நண்பர்களும் இருந்தார்கள்.

அது கவனிப்பாரற்ற காடு அல்ல. மேலே பலாவும் சில்வர் ஓக்கும், அவற்றுக்குக் கீழே முள்முருங்கை, இடையில் மலைவாழையும் ஆரஞ்சும், மரத்தைப் பற்றி ஏறும் மிளகு, அடியில் காப்பி என ஒவ்வொன்றும் யோசித்து வைத்தது. மழைக்கு முன் எந்தக் கிளையைக் கழிப்பது, எதை விடுவது என்பதற்கும் கணக்கு உண்டு. நாங்கள் போரர் என்று சொல்லும் வெள்ளைத் தண்டுத்துளைப்பான் வண்டு, வெயில் படும் அராபிகா வகைக் காப்பித் தண்டைத்தான் தேடி வந்து முட்டையிடும். நிழல் எங்களுக்கு அழகுக்காக அல்ல.

நான் ஏழாம் வகுப்பில் இருந்தபோது, காய்ப்பு கூடும் என்று யாரோ சொன்னதை நம்பி அப்பா மேட்டுப் பக்கத்து மரங்களை வெட்டினார். சில ஆண்டுகளில் செடிகள் மஞ்சளாயின. பார்வை மங்கியிருந்த அப்பத்தா ஒவ்வொரு தண்டையும் உள்ளங்கையால் தடவி, பட்டையில் வரப்பு போலப் புடைத்திருந்த இடத்தில் நிறுத்தி, "உள்ள புழு ஓடியிருக்குய்யா, பிடுங்கி எரிச்சிரு" என்றார். அவருக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. அந்த மேடு இன்னும் பழைய நிலைக்கு வரவில்லை.

இவள் விஞ்ஞானத்துக்கு எதிரி என்று சிலர் எழுதுவீர்கள். கர்நாடகத்தின் பாலேஹொன்னூரில் 1925இல் தொடங்கிய காப்பி ஆராய்ச்சி நிலையம் தந்த எஸ்.795 என்ற அராபிகா ரகத்தைத்தான் நாங்களும் வளர்க்கிறோம். எங்கள் மலையில் தாண்டிக்குடியிலேயே ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, அப்பா அங்கே போய்க் கேட்டு வருவார். அங்கும் நிழலைக் காக்கத்தான் சொல்கிறார்கள். விளைச்சல் குறைவுதானே என்றால், ஆம், குறைவு. மிளகும் வாழையும் சேர்ந்துதான் எங்கள் வருமானம்.

காப்பிப் பழத்தைத் தரையில் காயப்போடுகிறார்கள் என்று மேடையில் சொன்னதும் சில இடங்களில் உண்மை. ஆனால் அப்பா ஒரு பருவம் முழுக்கச் சிவந்த பழத்தை மட்டும் மூன்று நான்கு சுற்றாகப் பறித்து, தரையில் படாமல் கட்டிலில் உலர்த்திக் கொண்டுபோனபோது, வியாபாரி அதைப் பச்சைக்காய் கலந்த மூட்டையோடு சேர்த்து ஒரே விலை போட்டார். பறிப்புக் கூலி கையைவிட்டுப் போனது. அந்த விலையைப் பற்றி மேடையில் யாரும் பேசவில்லை. ஒரு கோப்பைக்கு முந்நூறு ரூபாய் கொடுத்த அரங்கில், பயிரிட்டவர்களின் அறியாமை மட்டுமே பேசப்பட்டது.

பெங்களூரில் பதினாறு ஆண்டுகளாக இருக்கும் உனக்கு மலையைப் பற்றிப் பேச என்ன உரிமை என்று ஏற்கெனவே ஒருவர் கேட்டுவிட்டார். அது வலிக்கிறது. அந்தத் தோட்டத்துக் காசில் படித்துத்தான் இங்கே வந்தேன்.

காணொளியை யாரோ அப்பாவுக்கும் அனுப்பியிருக்கிறார்கள். இன்று காலை பேசும்போது காப்பியைப் பூக்கவைக்கும் பூ மழை இன்னும் வரவில்லை என்றார், மிளகைப் பற்றிச் சொன்னார், கடைசியில்தான் கேட்டார்: "நீ எந்திரிச்சு ஒண்ணும் சொல்லலையாம்மா?"

ஒலிவாங்கி என் வரிசைக்கு வந்தது. நான் அதை அடுத்தவரிடம் கொடுத்துவிட்டேன்.