பப்பாளி இலைச்சாறு ஐ.டி.பி.க்கும் சரிப்படுமா?
டெங்குவில் பிளேட்லெட்டை ஏற்றும் பப்பாளி இலைச்சாறு ஐ.டி.பி.க்கும் (ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் குறைந்துபோகும் நோய்) கைகொடுக்கும் என்று நான் படித்த கட்டுரையில் போகிற போக்கில் எழுதியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. டெங்குவில் காய்ச்சல் விட்டு சில நாளில் பிளேட்லெட் பெரும்பாலும் தானாகவே ஏறிவிடும், ஐ.டி.பி.யில் நம் நோய் எதிர்ப்பு சக்தியே பிளேட்லெட்டை எதிரி என்று குறிவைக்கிறது, மண்ணீரல் அதை அழிக்கிறது, இரண்டும் எப்படி ஒன்றாகும்? என் அக்கா மகளுக்குச் சின்ன வயதில் வைரஸ் காய்ச்சலுக்கு அப்புறம் ஐ.டி.பி. வந்தது, காலெல்லாம் சிவப்புப் புள்ளி, பிளேட்லெட் எண்ணிக்கை 20,000-க்கும் கீழே. வீட்டில் மாதுளை, இலைச்சாறு எல்லாம் கொடுத்தார்கள், சில மாதத்தில் சரியானது, பெயர் சாற்றுக்குப் போனது. ஆனால் குழந்தைகளில் பெரும்பாலானவர்களுக்கு 6 மாதத்துக்குள் இது தானாகவே சரியாகிவிடும் என்று டாக்டர் முதலிலேயே சொல்லியிருந்தார். பெரியவர்களுக்கு அப்படி இல்லை, பலருக்கு நீடிக்கும். அந்தக் கட்டுரைக்கு வந்த கருத்துகளில் ஐ.டி.பி. உள்ள ஒரு சகோதரி, முகம் வீங்குகிறது என்று பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையை நிறுத்திவிட்டுச் சாற்றுக்கு மாறப்போவதாக எழுதியிருக்கிறார். தயவுசெய்து திடீரென்று நிறுத்தாதீர்கள்மா, தொடர்ந்து ஸ்டீராய்டு எடுத்த உடம்பு தன் சொந்த கார்டிசால் ஹார்மோன் சுரப்பைக் குறைத்திருக்கும், டாக்டர் சொல்கிறபடி கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும். எல்ட்ரோம்போபாக் மாதிரி வேறு மாத்திரைகள் இருக்கின்றன, கேளுங்கள். வயிற்றில் எச். பைலோரி கிருமி இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள், சிலருக்கு அதைச் சரிசெய்தாலே எண்ணிக்கை ஏறுகிறது. சமையலில் போடும் பூண்டு, மஞ்சள் பரவாயில்லை, அதையே கேப்சூலாக விழுங்குவதுதான் ரத்தம் உறைவதைக் கெடுக்கக்கூடும். வலிக்கு ஆஸ்பிரின், புரூஃபென் வேண்டாம், கடும் தலைவலி வந்தால் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.