மையம் மட்டும் போதாது, வயலிலும் இடம் வேண்டும்

அறிவுசார் மாற்றுத்திறனாளிகளுக்கான பகல்நேர மையங்களைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். மையம் வேண்டும்தான். ஆனால் சாயங்காலம் வேன் வீட்டில் விட்ட பிறகு? திருவையாறு பக்கம் எங்கள் ஊரில் குறுவை நடவுக்கு, அறிவுசார் மாற்றுத்திறனாளியான என் தம்பியையும் கூப்பிடுவார்கள். வரப்பில் நின்று, நடுகிற பெண்களின் கைக்கு எட்டுகிற தூரத்தில் நாற்றுமுடியை வீசுவான். எண்ணத் தெரியாது, ஆனால் ஒரு முடிகூடத் தள்ளி விழாது. பதினொரு மணி டீ அவனுக்கும் உண்டு, கூலியும் உண்டு.

அப்புறம், பெற்றோர் கவனிக்க: பிள்ளைக்கு 18 வயது முடிந்தால், 1999 தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி கலெக்டர் தலைமையிலான குழுவிடம் பாதுகாவலர் நியமனம் கேட்கலாம். அந்தச் சட்டப்படி அமைந்த தேசிய அறக்கட்டளையின் நிராமயா மருத்துவக் காப்பீடு 1 லட்சம் ரூபாய் வரை உண்டு. எங்கள் அம்மாவுக்கு இதையெல்லாம் யாருமே சொல்லவில்லை.