ஆங்கில வகுப்பில் தாய்மொழிக்கு ஏன் தடை?

"இங்கே ஆங்கிலத்தில் மட்டுமே பேச வேண்டும்" என்று வகுப்பறைச் சுவரில் எழுதி ஒட்டுவதில் எனக்கு உடன்பாடு கிடையாது. மீறிப் பேசிய பிள்ளைக்கு அபராதம் போடுவதில் அறவே கிடையாது. ஆங்கிலம் கற்பிப்பதைத் தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில்தான் சொல்கிறேன். இந்த விதிக்குப் பின்னால் ஏதோ பெரிய ஆராய்ச்சி இருப்பதாகப் பெற்றோரும், பல ஆசிரியர்களுமே கூட நம்புகிறார்கள். தேடிப் போனால் கிடைப்பது பெரும்பாலும் இதற்கு நேர்மாறான ஆராய்ச்சிதான்.

1961இல் உகாண்டாவின் மக்கரேரேயில், ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்பிப்பது பற்றி ஒரு காமன்வெல்த் மாநாடு நடந்தது. அங்கு நிலைபெற்ற கருத்துகளை மொழியியலாளர் ராபர்ட் ஃபிலிப்சன் 1992இல் ஐந்தாகத் தொகுத்துக் காட்டினார். ஆங்கிலத்தை ஆங்கிலத்திலேயே கற்பிக்க வேண்டும். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவரே சிறந்த ஆசிரியர். எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. எவ்வளவு அதிகம் கற்பிக்கிறோமோ அவ்வளவு நல்லது. மற்ற மொழிகள் உள்ளே வந்தால் ஆங்கிலத்தின் தரம் கெடும். இந்த ஐந்துமே பொய்நம்பிக்கைகள் என்பது அவருடைய வாதம். இன்றைக்கும் ஒரு பள்ளி விளம்பரத்தை எடுத்துப் பாருங்கள், இந்த ஐந்தில் குறைந்தது மூன்று அதில் இருக்கும்.

ஆங்கிலம் மட்டும் என்ற எண்ணம் வேரூன்றியதற்கு நடைமுறைக் காரணமும் உண்டு. பத்து நாடுகளிலிருந்து குடியேறியவர்கள் ஒரே வகுப்பில் உட்கார்ந்திருந்தால், ஆசிரியரால் அத்தனை பேரின் மொழியிலும் பேச முடியாது. அங்கே ஆங்கிலம் மட்டும் என்பது வேறு வழியில்லாத ஏற்பாடு. ஆசிரியரும் மாணவர்களும் ஒரே தாய்மொழி பேசும் வகுப்புக்குள் அந்த ஏற்பாட்டை ஒரு கொள்கையாகக் கொண்டுவந்து புகுத்தியதுதான் தவறு. எல்லா நாட்டுக்கும் ஒரே பாடநூலை விற்கிற பதிப்பகங்களுக்கு அது வசதியாகவும் இருந்தது என்பது என் கணிப்பு.

தண்டனை என்பது இதைவிடப் பழைய கதை. 19ஆம் நூற்றாண்டில் வேல்ஸ் நாட்டுப் பள்ளிகள் பலவற்றில், வெல்ஷ் மொழி பேசி மாட்டிக்கொண்ட பிள்ளையின் கழுத்தில் ஒரு மரத்துண்டைத் தொங்கவிட்டார்கள். அடுத்து யார் மாட்டுகிறார்களோ அவர்கள் கழுத்துக்கு அது மாறும். பிள்ளைகள் ஒருவரையொருவர் வேவு பார்க்கக் கற்றுக்கொள்வார்கள். இன்றைய அபராத நோட்டுக்கும் அந்த மரத்துண்டுக்கும் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

சரி, ஆய்வுகளுக்கு வருவோம். கனடாவில் பிரெஞ்சு வழியில் படிக்கும் எட்டாம் வகுப்பு மாணவர்களை மெரில் ஸ்வெய்னும் ஷரன் லாப்கினும் இரண்டிரண்டு பேராக உட்கார வைத்து, பிரெஞ்சில் ஒரு கதை எழுதச் சொன்னார்கள். பிள்ளைகளின் தாய்மொழி ஆங்கிலம். வேலைக்கு நடுவே அவர்கள் ஆங்கிலத்துக்குத் தாவியது எதற்காக என்று பார்த்தால், பெரும்பாலும் வேலைக்காகவே: அடுத்து என்ன செய்வது என்று முடிவெடுக்க, சரியான சொல்லைத் தேட, இந்த இலக்கணம் சரிதானா என்று விவாதிக்க. 2000இல் வெளியான அந்த ஆய்வின் முடிவு, தாய்மொழியை அடியோடு தடுப்பது சிந்திப்பதற்கான ஒரு கருவியைப் பிடுங்குவதாகும் என்பது.

2008இல் இஸ்ரேலில் பாட்டியா லாஃபரும் நேனி கிர்சாயும் செய்த ஆய்வு இன்னும் நேரடியானது. உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் மூன்று குழு. ஒரு குழு பாடத்தைப் படித்து, பொருளை மையமாகக் கொண்ட பயிற்சிகளைச் செய்தது. இன்னொன்று புதிய சொற்களை ஆங்கிலத்துக்குள்ளேயே பயிற்சி செய்தது. மூன்றாவது குழுவுக்குத் தாய்மொழியான ஹீப்ருவோடு ஒப்பிட்டு விளக்கி, மொழிபெயர்க்கவும் வைத்தார்கள். சொற்களை நினைவில் வைத்திருப்பதில் மூன்றாவது குழு தெளிவாக முந்தியது.

இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. இரு மொழி அறிந்தவர் ஒன்றில் படிக்கும்போதும் பேசும்போதும் மற்றதும் உள்ளுக்குள் விழித்தே இருக்கிறது என்று ஜூடித் க்ரோல் போன்ற உளவியலாளர்கள் பல சோதனைகளில் காட்டியிருக்கிறார்கள். வாயைத்தான் அடைக்க முடியும். மனம் ஒப்பிட்டுக்கொண்டேதான் இருக்கும். அந்த ஒப்பீட்டில் ஆசிரியர் துணைக்கு இல்லையென்றால் பிள்ளை தனியாக, தப்பாக ஒப்பிடும்.

நம் மொழியிலிருந்தே ஓர் உதாரணம். ஆங்கிலத்தின் 'ஏ', 'தி' இரண்டும் தமிழ்ப் பிள்ளைகளுக்குப் பெரிய தலைவலி. தமிழில் அப்படி எதுவும் இல்லையே என்று ஆசிரியர்களே சொல்லிவிடுவார்கள். "புத்தகம் வாங்கினேன்", "புத்தகத்தை வாங்கினேன்" என்ற இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். முதலாவதில் ஏதோ ஒரு புத்தகம். இரண்டாவதைக் கேட்டதும், "எந்தப் புத்தகம், அன்றைக்குச் சொன்னாயே, அதுவா?" என்று கேட்கத் தோன்றும். இருவருக்கும் தெரிந்த பொருளா, புதிய பொருளா என்ற அந்த நுட்பம் நம் பிள்ளைக்குப் பள்ளிக்கு வரும் முன்பே கைவந்தது. தமிழ் அதை இரண்டாம் வேற்றுமை உருபில் காட்டுகிறது, ஆங்கிலம் வேறு வழியில் காட்டுகிறது. இரண்டும் முழுக்கப் பொருந்தாதுதான். எழுவாயாக வரும் இடத்தில் இந்த உருபு உதவாது. ஆனால் தொடங்குவதற்கு இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. இந்த இரண்டு வாக்கியங்களையும் கரும்பலகையில் எழுதியதும் வகுப்பில் எழும் சலசலப்பை நான் பார்த்திருக்கிறேன். எப்போதும் வாய் திறக்காத பிள்ளைகள்கூட அன்றைக்கு எடுத்துக்காட்டு சொல்ல முந்துவார்கள். விதிப்படி பார்த்தால் அந்த வகுப்பே குற்றம்.

எதிர்த்தரப்பில் ஒரு வலுவான வாதம் உண்டு, அதை நான் மதிக்கிறேன். வீட்டிலும் தெருவிலும் ஆங்கிலம் காதில் விழாத பிள்ளைக்கு அந்த ஒரு வகுப்பு நேரம்தான் கிடைக்கிறது. அதையும் தாய்மொழி விழுங்கினால் எப்போது கேட்பது, எப்போது பேசுவது? உண்மை. பாடத்தை வரிக்கு வரி மொழிபெயர்த்துக் கொடுத்து, கேள்வி பதிலை மனப்பாடம் செய்யச் சொல்லும் வகுப்பில் பிள்ளை ஆங்கிலத்தைக் கேட்பதே இல்லை. அதை நான் ஆதரிக்கவில்லை. நிறையக் கேட்காமலும் படிக்காமலும் எந்த மொழியும் வராது.

ஆனால் முழுக்க முழுக்கக் கற்கும் மொழியிலேயே வகுப்பை நடத்துவதற்குச் சான்றாக எல்லோரும் காட்டும் கனடாவையே பாருங்கள். 1965இல் மான்ட்ரியல் அருகே செயின்ட் லாம்பர்ட்டில் பிரெஞ்சு வழி வகுப்பு தொடங்கியபோது, ஆசிரியர் பிரெஞ்சில் பேசினார். மழலையர் வகுப்புப் பிள்ளைகள் ஆங்கிலத்தில் பதில் சொல்ல அனுமதி இருந்தது. அவர் அதைப் புரிந்துகொண்டு பிரெஞ்சில் தொடர்ந்தார். அந்தப் பிள்ளைகளின் தாய்மொழியை யாரும் அவமானப்படுத்தவில்லை. நாம் அந்தத் திட்டத்தின் பெருமையை மட்டும் எடுத்துக்கொண்டு பொறுமையை விட்டுவிட்டோம்.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது ஆசிரியர்களின் நிலைமை. கடினமான ஓர் இடத்தைத் தாய்மொழியில் இரண்டு நிமிடத்தில் விளக்கிவிட்டு ஆங்கிலத்துக்குத் திரும்பும் ஆசிரியர், கதவருகே யாராவது வருகிறார்களா என்று பார்த்துக்கொண்டே அதைச் செய்கிறார். வகுப்பைப் பார்வையிட வருபவர்களிடம் நான் கேட்பது இதுதான். ஆசிரியர் தாய்மொழியில் பேசினாரா என்று குறிக்கும் கட்டத்தை எடுத்துவிடுங்கள். அந்த இடத்தில், எதற்காகப் பேசினார், அதன் பிறகு பிள்ளைகள் ஆங்கிலத்தில் என்ன சொன்னார்கள், என்ன எழுதினார்கள் என்று கேளுங்கள்.