தி பிளாட்டர்ஸ்: பெயர் யாருடையது?

1950-களின் அமெரிக்கப் பாடகர் குழுவான பிளாட்டர்ஸ் பற்றி ஒரு கட்டுரை படித்தேன். முதன்மைப் பாடகர் டோனி வில்லியம்ஸ் 1960-ல் விலகியதால்தான் குழு சரிந்தது என்று அது முடித்துவிடுகிறது. இது பாதிக் கதைதான். இரு குழுக்களுக்கும் மேலாளராக இருந்த பக் ராம், 'எர்த் ஏஞ்சல்' பாடிய பென்குயின்ஸ் குழு வேண்டுமென்றால் பிளாட்டர்ஸையும் சேர்த்தே எடுக்க வேண்டும் என்று மெர்க்குரி இசைத்தட்டு நிறுவனத்திடம் பிடிவாதமாக நின்றார். பெரிய வெற்றி பிளாட்டர்ஸுக்குத்தான் வந்தது. முன்பு ஃபெடரல் என்ற இசைத்தட்டு நிறுவனத்துக்காகப் பாடிய 'ஒன்லி யூ' 1955-ல் மெர்க்குரியில் மறுபடி பதிவானது. 1956 முதல் 1959 வரை நான்கு பாடல்கள் அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பிடித்தன.

கோளாறு தொடங்கியது 1956-ல். குழுவிலிருந்த ஐந்து பேருக்கும் பங்கு என்று சொல்லி ஒரு கம்பெனி பதிவானது. ஆனால் குழுவின் பெயரும் அதற்கே போனது. பங்கை விற்றுவிட்டு வெளியேறியவருக்கு, தான் பாடிப் பேர் வாங்கித் தந்த பெயரே அந்நியமாகிவிட்டது! பெயரைக் கைப்பற்ற ராம் நடத்திய போலி அமைப்பு அது என்று 1974-ல் கலிபோர்னியா நீதிமன்றமே சொன்னது. அதற்குப் பிறகும் ஆளுக்கொரு 'பிளாட்டர்ஸ்' மேடையேறி, வழக்குகள் பல பத்தாண்டுகள் இழுத்தன. தொடக்கம் முதல் 1969 வரை விலகாமல் நின்ற அடிக்குரல் பாடகர் ஹெர்ப் ரீட் அந்தப் பெயருக்காகக் கடைசிவரை போராடினார். அவர் பெயர்கூடக் கட்டுரையில் இல்லாதது பெரிய குறை.

இரண்டு 'ஒன்லி யூ' பதிவுகளையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். மெர்க்குரி பதிவில் பின்னணிக் குரல்கள் அடங்கி, வில்லியம்ஸின் உச்சக்குரலுக்கு இடம்விட்டிருப்பது தெரியும்.